கீரை வேரில் ஏறிய வாடாமல்லி நிறம்

தட்டில் அலசி வைத்திருந்த முளைக்கீரையின் வேர்கள் வாடாமல்லி நிறத்தில் இருந்தன. ஒன்றைக் கிள்ளி முகர்ந்தபோது, எங்கள் பட்டறையில் கொதிக்கும் சாயத்தில் பட்டுநூலை முக்கும்போது எழும் அதே புளித்த வாடை அடித்தது.

அப்போது நான் காஞ்சிபுரத்தில் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அப்பா பட்டுநூலுக்குச் சாயம் போடுபவர். அரக்கு, பச்சை, மஞ்சள் என்று மாறி மாறி வந்துகொண்டிருந்த நிறங்கள் அந்தக் கோடையில் ஒன்றே ஒன்றாகிவிட்டன. கல்யாணப் புடவை என்றால் வாடாமல்லிதான் வேண்டும் என்று எல்லா ஊர்ப் பெண்களும் கேட்டார்கள், நானும் இரண்டு நாள் அழுது அதே நிறத்தில் ஒரு பாவாடை வாங்கிக்கொண்டேன். நூலை அலசிய தண்ணீர், கிணற்றடித் தண்ணீரோடு சேர்ந்து, கொல்லைக் கால்வாய் வழியாக, தெருவில் கீரை விற்கும் கன்னியம்மாவின் பாத்திக்குப் போகும். அந்த நான்கு பாத்திகள்தான் அவளுடைய பிழைப்பு.

மறுநாள் அவள் கூடையோடு வந்ததும் அம்மா கேட்டாள்: “இன்னா கன்னியம்மா, வேரெல்லாம் செவந்துக்கினு இருக்குது? புது வெதையா?”

“வெதை பழசுதாம்மா. உங்க வூட்டுத் தண்ணிதான் புதுசு.”

“ஐயே, அப்ப வேணாம்மா.”

“கட்டிக்கினா அழகு, துன்னா ஆவாதா?” என்று சிரித்தபடியே கூடையைத் தூக்கிக்கொண்டாள். அந்த வாரத்துக்குள் தெருவில் பாதி வீடுகள் அவளிடம் வாங்குவதை நிறுத்திவிட்டன.

“கலரு மண்ணோட நின்னுடும், செடிக்குள்ள ஏறாது” என்றார் அப்பா. அது உண்மைதானா என்று பார்த்துவிட எண்ணி, காலையில் ஒரு டம்ளர் சாயத்தண்ணீரில் வெள்ளைச் சம்பங்கிப் பூத்தண்டு ஒன்றைச் செருகிவைத்துவிட்டுப் பள்ளிக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தபோது இதழ்களின் ஓரமெல்லாம் வாடாமல்லி நிறம். டம்ளரில் மண் இல்லையே என்று எனக்குத் தோன்றவில்லை. அப்பாவும் அதைச் சொல்லவில்லை. நான் நீட்டிய பூவை வாங்கிப் பார்த்தவர், மண்வெட்டியை எடுத்துப்போய்க் கால்வாயை அடைத்து, தண்ணீரை எதிர்ப்பக்கத்துப் புறம்போக்கில் திருப்பிவிட்டார்.

நான் ஓடிப்போய்க் கன்னியம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். பத்து நாள் கழித்து அவளே வந்தாள்.

“கலரு போச்சு பாப்பா, தண்ணியும் போச்சு. வெயில்ல அத்தனையும் காஞ்சிக் கெடக்குது.”

அவளுக்கு வேறு தண்ணீர் கிடையாது என்பது எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. அப்பா அன்றே அடைப்பை வெட்டிவிட்டார். சிவந்த தண்ணீர் மறுபடி பாத்திக்குப் போனது. கன்னியம்மா அதில் கீரை விதைக்கவில்லை. கனகாம்பரம் நட்டாள். “பூவை யாரும் துன்றதில்ல பாரு” என்றாள்.

இப்போது அங்கே பாத்தியும் இல்லை, கனகாம்பரமும் இல்லை. கால்வாயின் மேல் சிமெண்ட் பலகை போட்டிருக்கிறார்கள், அடியில் இந்த வருஷம் எந்த நிறம் ஓடுகிறது என்று மேலே நடப்பவர்களுக்குத் தெரியாது. அந்தச் சம்பங்கித் தண்டின் பூ ஒன்று என் பழைய நோட்டுக்குள் இருக்கிறது. இதழ் சருகாகிவிட்டது, ஓரத்து நிறம் மட்டும் இன்னும் போகவில்லை.