ஏணிச் சின்னமும் கட்டைவிரல் ரேகையும்

எழுபதுக்குப் பிறகு எங்கள் ஊரில் பஞ்சாயத்துத் தேர்தலே நடக்கவில்லை. எழுபத்தேழு, எண்பது, எண்பத்துநாலு என்று சட்டமன்றத்துக்கும் பாராளுமன்றத்துக்கும் ஓட்டுப் போட்டுக்கொண்டுதான் இருந்தோம். டெல்லியில் யார் உட்காரலாம் என்று சொல்ல முடிந்த எங்களுக்கு, தெருவில் அடிபம்பு பழுதானால் யாரிடம் சொல்வது என்று தெரியாது. தனி அலுவலர் என்று ஒருவர் இருந்தார். அவர் முகம் எப்படியிருக்கும் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

எண்பத்தாறு பிப்ரவரியில், மாசி பிறந்த கையோடு, அந்தத் தேர்தல் வந்தது. என் அக்கா தலைவர் பதவிக்கு நின்றாள்.

ஊர் எழுமலைக்குப் பக்கம். அக்காவை உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்திருந்தது. நான் மதுரையில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்த்தேன். ஓட்டு மட்டும் ஊரில் இருந்தது. அக்கா குடியிருந்த கிழக்குத் தெருவில் அடிபம்பு வற்றி இரண்டு கோடை ஆகியிருந்தது. பெண்கள் குடத்தோடு ஒரு தோட்டத்துக் கிணற்றுக்குப் போவார்கள். கிணற்றுக்காரர் மனம் வைத்தால் தண்ணீர். இல்லையென்றால் மோட்டார் ரூமைப் பூட்டிவிட்டுப் போய்விடுவார். அவர்தான் அக்காவை எதிர்த்து நின்றவர். என் மச்சானுக்கு, அதாவது அக்கா வீட்டுக்காரருக்கு, அவர் பங்காளி.

அக்காவை நிற்கச் சொன்னவர்கள் தெருப் பெண்கள். “நீ நில்லு தாயி. போரு போட்டுக் குடுத்தாப் போதும், வேற எதுவும் கேக்க மாட்டோம்” என்று வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். அக்கா மச்சானைப் பார்த்தாள். மச்சான் கூட்டத்துக்கு நடுவில் நின்று, “நிக்கட்டும். என் பங்காளியா இருந்தா என்ன, தண்ணிக்குப் பங்காளி உண்டா?” என்றார். பெண்கள் குலவையிட்டார்கள். அன்று அவரைப் பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது.

மச்சான் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். விதைக்கும் உரத்துக்கும் அவரிடம்தான் ஊரே கைநாட்டு வைக்கும். ரேகை விழுந்ததும் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, “ம், சரி” என்பார். அவர் சரி என்றால்தான் காரியம் சரியாக முடிந்தது என்று பெண்களுக்கு ஒரு எண்ணம்.

தேர்தலுக்கு முந்தின வாரம் வேட்பாளர்களின் ஏஜெண்டுகளை ஒன்றிய அலுவலகத்துக்குக் கூப்பிட்டு நடைமுறைகளை விளக்கினார்கள். நானும் மச்சானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். கையெழுத்துப் போடத் தெரியாதவர், சீட்டைக் கிழித்துக் கொடுத்த பிறகு புத்தகத்தோடு தங்கிவிடும் அடிக்கட்டையில் கட்டைவிரல் ரேகை வைப்பார், பிறகு ஈரத்துணியில் மையைத் துடைத்துவிட்டுத்தான் மறைவுக்குப் போகவேண்டும் என்று அதிகாரி சொன்னார். மச்சான் எழுந்து நின்றார்.

“சார், ஒரு சந்தேகம். பொம்பளைக பழக்க தோசத்துல சீட்டுலயே ரேகைய வச்சுப்புட்டா?”

“செல்லாது. யார் போட்ட ஓட்டுன்னு காட்டுற எந்த அடையாளமும் சீட்டுல இருக்கக் கூடாது. முத்திரை நல்லா விழுந்திருந்தாலும் செல்லாது.”

“நல்லதுங்க சார்” என்று உட்கார்ந்தார். எவ்வளவு பொறுப்பாகக் கேட்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு எனக்கு லீவு இல்லை. தேர்தலுக்கு முந்தின நாள் சாயங்காலம்தான் ஊர் திரும்பினேன். மச்சான் மாதிரிச் சீட்டும் மைப்பெட்டியுமாகத் தெருவில் வீடு வீடாகப் போய்ப் பழக்கிக்கொடுத்திருந்தார். அக்கா காடுகரை, களத்துமேடு என்று அலைந்துகொண்டிருந்ததால் அந்த வேலையை அவர் பொறுப்பில் விட்டிருந்தாள். கடைசி வீட்டில் ஒரு அம்மா, களையெடுக்கப் போகிறவர், என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: “தம்பி, ஒண்ணுக்கும் கவலப்படாத. எல்லாரும் சொன்னபடிக்கு அப்படியே வச்சுப்புடுவோம்.” என்ன சொன்னபடிக்கு என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றும்படி எதுவும் இல்லை.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் வாக்குச்சாவடி. அக்காவின் ஏஜெண்டாக நான் உள்ளே உட்கார்ந்திருந்தேன். கிழக்குத் தெருப் பெண்கள் தலைக்கு ஊற்றி, உள்ளதில் நல்ல சேலை கட்டி வந்தார்கள். அடிக்கட்டையில் ரேகை வைத்தார்கள். ஈரத்துணியை நீட்டியபோது பலர் வாங்கவில்லை. வாங்கியவர்களும் மற்ற விரல்களைத்தான் துடைத்தார்கள். மை பட்ட கட்டைவிரலை மட்டும் எதிலும் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அட்டை மறைவுக்குள் போனார்கள். கோயிலில் வாங்கிய குங்குமத்தை வீட்டுக்குக் கொண்டுபோகிற மாதிரி இருந்தது. சேலையில் மை பட்டுவிடும் என்று பயப்படுகிறார்கள் என்று நினைத்தேன்.

எண்ணிக்கை ஒன்றிய அலுவலகத்தில் நடந்தது. மச்சான் உள்ளே வரவில்லை. “எனக்குப் படபடன்னு வருது மாப்ள, நீ போ” என்று எதிர் டீக்கடையில் உட்கார்ந்துவிட்டார்.

அதிகாரி ஒரு சீட்டைப் பிரித்தார். ஏணிச் சின்னத்தின் மேல் முத்திரை பளிச்சென்று விழுந்திருந்தது. அக்காவின் சின்னம். அதற்குக் கீழே, நிதானமாக உருட்டி வைத்த ஒரு கட்டைவிரல் ரேகை. “செல்லாது” என்று தனியே வைத்தார். அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்து நல்ல சீட்டு ஒன்று, மறுபடி ரேகை. தெரியாமல் பட்ட கறையாக ஒன்றுகூட இல்லை. எல்லாம் ஒரே இடத்தில், ஏணியின் காலடியில்.

எதிர்ப்பக்கத்து ஏஜெண்டு குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தான். “என்னண்ணே, ஏணியில ஏறி உச்சிக்குப் போவாகன்னு பாத்தா, கீழயே கைநாட்டு வச்சிட்டு உக்காந்துட்டாக!”

நான் வாதாடினேன். அதிகாரி பொறுமையானவர். “உங்க கஷ்டம் புரியுது. ஆனா பயிற்சியிலயே இதைச் சொன்னேனே. கேள்வி கேட்டதே உங்க பக்கத்து ஆளுதானே?” என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஜன்னல் வழியாக டீக்கடை தெரிந்தது. மச்சான் காலை ஆட்டிக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

செல்லாத சீட்டுக் கட்டு, வெற்றி வித்தியாசத்தைவிடப் பெரியது. கிணற்றுக்காரர் மாலையோடு ஊருக்குள் வந்தார்.

டீக்கடைக்குப் பின்னால் வைத்து மச்சானைக் கேட்டேன். அவர் மறுக்கவில்லை, குரலையும் உயர்த்தவில்லை.

“அத்தனை பொம்பளைக முன்னாடி, நிக்காதன்னு நான் எப்படி மாப்ள சொல்றது? நிக்கிறது வேற, செயிக்கிறது வேற. நாளைக்கு எவனாவது வாசல்ல வந்து, தலைவரம்மா வீட்டுக்காரரு இருக்காரான்னு கேட்டா, நீயா பதில் சொல்லுவ?”

“தண்ணி மச்சான்?”

“பங்காளிகிட்டச் சொல்லியிருக்கேன். தண்ணி விடுவாரு.”

பெண்கள் வாசலில் கூடியபோது அக்கா நிலைப்படியில் நின்றாள். எண்ணுமிடத்தில் நடந்ததை அதற்குள் நான் அவளிடம் சொல்லியிருந்தேன். மச்சான் ஒப்புக்கொண்டதையும் சொல்லியிருந்தேன். களையெடுக்கப் போகிற அந்த அம்மாதான் முதலில் பேசினார்.

“ஏந்தாயி, ரேகை வச்சதுனாலதான் செல்லாமப் போச்சாமே? நீ சொல்லி அனுப்புனேன்னுதான ஒன் வீட்டுக்காரரு வந்து சொன்னாரு? முத்திரை குத்துனாப் பத்தாது, கீழ ரேகை வச்சாத்தான் அரசாங்கம் ஏத்துக்கும்னு?”

மச்சான் திண்டில் சாய்ந்து பின்னால் உட்கார்ந்திருந்தார். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை.

“ஆமா, நான்தான் சொல்லி அனுப்புனேன். எனக்கு வெவரம் பத்தல” என்றாள்.

“அட பாவி மகளே, வெவரம் தெரியாதவ எதுக்கு நின்ன?” என்று கூட்டத்தில் ஒரு குரல். இன்னொன்று: “ரெண்டு குடும்பமும் பங்காளிதான. பேசி வச்சுத்தான் செஞ்சிருப்பாக.” கொஞ்ச நேரத்தில் வாசல் காலியானது.

நான் அவளிடம் சண்டை போட்டேன். மனுக் கொடுக்கலாம், குறைந்தபட்சம் உண்மையையாவது சொல்லலாம் என்றேன். அக்கா அடுப்பை மூட்டிக்கொண்டே சொன்னாள்: “சொல்லலாம்டா. சொன்னா என்ன கேப்பாக? கட்டுன புருசன் மனசு தெரியாதவ, கலெக்டர் ஆபீசுல போயி நமக்காக என்னத்தப் பேசியிருப்பான்னு கேப்பாக. கேக்குறது ஞாயந்தான?”

தேர்தல் என்றால் நமக்காகப் பேச ஒருவரை அனுப்புவது என்று நிறையப் படித்திருக்கிறேன். சீட்டில் அடையாளம் கூடாது என்பது, ஓட்டு ரகசியமாக இருக்கவேண்டும் என்பதற்காக எழுதப்பட்ட விதி. போட்டவர் யாரென்று தெரிந்தால் மிரட்டுவார்கள் என்று, இல்லாதவர்களைக் காப்பாற்ற எழுதினார்கள். அந்த விதியை வைத்தே அந்தப் பெண்களைக் கழித்துவிட்டார் மச்சான். விதி தெரியாதவர் செய்திருந்தால் மன்னித்திருப்பேன்.

கிணற்றுக்காரர் ஒரு மாதம் தண்ணீர் விட்டார். பங்குனி வெயில் ஏறியதும் மோட்டார் ரூம் மறுபடி பூட்டிக்கொண்டது. போர் போட்டார்கள், அவர் வீட்டுப் பக்கம் போட்டார்கள். அக்கா அந்தக் கிணற்றுக்கே குடத்தோடு போனாள். முன்பு கூடவே பேசிக்கொண்டு வந்தவர்கள், அவள் போய்த் திரும்பிய பிறகு கிளம்பினார்கள். மச்சானுக்கு அவள் மூன்று வேளையும் சோறு போட்டாள். சாப்பிடக் கூப்பிடுவதை மட்டும் நிறுத்திவிட்டாள். தட்டை வைக்கிற சத்தம் கேட்டு அவராக எழுந்து வருவார்.

அடுத்த ஓட்டு எண்பத்தொன்பது ஜனவரியில், பொங்கல் முடிந்த மறுவாரம், சட்டமன்றத்துக்கு. ஓட்டுப் போட ஊருக்குப் போயிருந்தேன். அதே பள்ளிக்கூடம். பெண்கள் வரிசையில் அந்தக் களையெடுக்கும் அம்மா நின்றார். என்னைப் பார்த்ததும் கொஞ்சம் யோசித்துவிட்டு, கையசைத்துக் கூப்பிட்டார்.

“தம்பி, இந்தத் தடவ சீட்டுல ரேகை வைக்கணுமா, வேண்டாமா?”

“வேண்டாம்மா. அடிக்கட்டையில மட்டும் வைங்க. அப்புறம் துணியில நல்லாத் தொடச்சிட்டு, முத்திரை மட்டும் குத்துங்க. சீட்டுல விரலே படக் கூடாது.”

அவர் தன் கட்டைவிரலைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

“நீயும் அந்த வீட்டுப் புள்ளதான?” என்றார். வரிசை நகர்ந்தது.