சந்திரகலா அக்கா தேடிய வைஃபை திருடன்

சந்திரகலா அக்கா என்னைத் திருடி என்று சொல்லி ஒரு மாதம்கூட ஆகவில்லை. செந்தூல் அடுக்குமாடியில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். பன்னிரண்டு வருஷப் பழக்கம். அத்தனையும் ஒரு ரூட்டரால் நாசமாய்ப் போனது.

அக்காவுக்கு ஐம்பத்து மூன்று வயது. ஒரு காப்புறுதி நிறுவனத்துக்காக வீட்டிலிருந்தே போனில் பதில் சொல்லும் வேலை. ஒன்பதிலிருந்து ஐந்து வரை காதிலிருந்து ஹெட்செட் இறங்காது. நாங்கள் இருப்பது முதல் மாடி. எங்கள் லிஃப்ட் முதல் மாடியில் நிற்காது, அக்காவின் முட்டி படி இறங்க விடாது. வீட்டிலிருந்தே செய்யலாம் என்பதால்தான் அந்த வேலை நிலைத்தது.

தீபாவளி முடிந்த வாரம் இணைய லைன் விட்டு விட்டு வர ஆரம்பித்தது. வாடிக்கையாளர் பேசிக்கொண்டிருக்கும்போதே குரல் அறுந்துபோகும். மேலாளர் கடிதம் அனுப்பிவிட்டார். மாதக் கடைசிக்குள் சரியாகாவிட்டால் அலுவலகத்துக்கு வர வேண்டும், முடியாதென்றால் வேலையை விட வேண்டும்.

அக்கா ரூட்டரின் பதிவைத் திறந்து பார்த்தார். தினமும் வேலை நேரத்தில், பெயரில்லாத ஒரு கருவி உள்ளே வரலாமா என்று கேட்டிருந்தது, ரூட்டரும் விட்டிருந்தது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எண்ணும் எழுத்துமாக ஒரு நீள முகவரி. இரண்டு மூன்று நாளில் அதுவும் மாறிவிடும். அக்கா பதினொரு முகவரியை நோட்டில் எழுதி வைத்து, பதினொரு திருடர்கள் என்று முடிவு கட்டினார்.

தப்பு அவர்மேல்தான். தீபாவளி ஓப்பன் ஹவுஸ் விருந்துக்கு வந்த அத்தனை பேரும் கேட்கிறார்களே என்று வைஃபை பாஸ்வேர்டைப் பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியவர் அவரேதான். முறுக்கு தின்றவர்கள் எல்லாருக்கும் அது தெரியும். சுங்கை பூலோவில் இருக்கும் நாத்தனாரைக்கூடக் கூப்பிட்டு, "எங்க லைன எடுக்கறீங்களா?" என்று கேட்டிருக்கிறார். அந்தம்மா எப்படி அங்கிருந்து எடுப்பார்?

பிறகு பாஸ்வேர்டை மாற்றினார். வீட்டுக்காரர் சிவநேசன் அண்ணனைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. மறுநாளும் அந்தப் பெயரில்லாத கருவி ஒன்பது மணிக்கு வந்து நின்றது. அக்காவுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. நான் தைத்த ரவிக்கையை வாங்க வந்தவர்கள் முன்னாலேயே என் கதவைத் தட்டினார்.

"ஹுமைரா, சுவத்துக்கு அந்தப் பக்கம் நீ மட்டும்தான இருக்கே? எப்படி உள்ள வர்றே?"

"எனக்குச் சொந்த லைன் இருக்குலா அக்கா! உங்க லைன் எனக்கு எதுக்கு?"

ஒன்பது நாள் பேசவில்லை. எனக்கு அவ்வளவு கோபம். சிவநேசன் அண்ணன்தான் வாசலில் பார்த்தபோது, "மனசுல வச்சுக்காதமா" என்றார். பாவம், அமைதியான மனுஷன். கிள்ளான் துறைமுகத்தில் கண்டெய்னர் யார்டில் இருபத்தெட்டு வருஷம் கிளார்க். காலை ஏழு மணிக்குக் கொமுட்டர் ரயில் பிடிக்கப் போனால் மாலை ஆறரைக்குத்தான் திரும்புவார்.

பத்தாவது நாள் மத்தியானம் இணைய நிறுவனத்திலிருந்து குரு என்ற தம்பி வந்தார். என் பெயரைச் சுத்தப்படுத்தியே தீருவது என்று நானும் என் போனைக் கையில் பிடித்துக்கொண்டு அக்கா வீட்டுக்குள் போனேன். குரு நோட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"அக்கா, இது பதினோரு போன் இல்ல. ஒரே போன். சில போன்ல முகவரிய மாத்திக்கற செட்டிங் இருக்கு. ஓப்பன் ஹவுஸ் ஆளுங்களும் இல்ல, புது பாஸ்வேர்ட் போட்டுத்தான் வருது. நீங்க வேலை நேரத்த மட்டும் பாத்தீங்களா? ராத்திரி பூரா இது உங்க வீட்லதான் இருக்கு. காலைல ஏழு மணிக்குப் போய் ஒம்பதுக்கு வந்துருது."

"வீட்ல நானும் அவரும்தான் தம்பி. அவரு போனு அவரு பேர்ல வருமே."

"அங்கிள் பேர்ல இருந்த போன் தீபாவளியோட நின்னுருச்சே."

"அது கம்பெனி போன். திருப்பிக் கேட்டாங்கன்னு வேற வாங்கினாரு. ஆனா அவரு இப்ப கிள்ளான்ல இருக்காரு."

"இந்த வைஃபை கிள்ளான் வரைக்கும் போகாதுக்கா. ஆளு பக்கத்துலதான் இருக்காரு, ஆனா சிக்னல் ரொம்ப வீக். தூரத்துலேர்ந்து வீடியோ கால் பேசுறதுனாலதான் உங்க லைனையும் இழுக்குது. ரூட்டர் பெட்டிக்குப் பக்கத்துல இருந்தா ஒண்ணும் ஆகாது."

நான்தான் சமையலறை ஜன்னலைத் திறந்து கீழே பார்த்தேன். அக்காவும் பின்னாலேயே வந்தார். குப்பைத் தொட்டி வைக்கும் அறையை ஒட்டிய மோட்டார் சைக்கிள் கொட்டகையில் சிவநேசன் அண்ணன் உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை. போனை ஒரு ஹெல்மெட்டில் சாய்த்து வைத்து, முதுகை நிமிர்த்தி அதைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். குரல் மேலே வரைக்கும் வந்தது.

"யெஸ் சார். ட்வென்ட்டி எய்ட் இயர்ஸ் சார். நாளைக்கே வேணும்னாலும் வேலைக்கு வரேன் சார்."

என் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அந்தப் போன பிளாக் பண்ணவா அக்கா?" என்று ஹாலிலிருந்து குரு கேட்டார்.

"வேணாம் தம்பி."

மாலை ஆறரைக்கு அண்ணன் படியேறி வந்தார். நான் என் வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். "டிரெய்ன் லேட்டுலா" என்றார், யாரும் கேட்காமலேயே.

அக்கா கதவைத் திறந்து அவர் கைப்பையை வாங்கிக்கொண்டார்.

"நாளைலேர்ந்து ரூம்ல உக்காந்து பேசுங்க. கீழ சிக்னல் பத்தலையாம்."

அண்ணன் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.