காக்கை குடித்த கணக்கு

வாய் அகன்ற வட்டத் தகரத் தொட்டி அது. அடையாற்றில் நான் பெருக்கித் துடைத்த அலுவலகத்தின் மொட்டைமாடியில், கம்பிவலை மூடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். வெயில் ஏறும்போது ஒரு துண்டு வானம் அதற்குள் இறங்கிப் படுத்துக்கொள்ளும். துடைப்பத்தை மறந்து நிற்பேன். பாதிச் சம்பளம் அதைப் பார்த்ததற்கே வாங்கியிருப்பேன்.

கீழே கணினி அறையில் ஒரு மேடம். செயற்கைக்கோள் அனுப்பும் படங்களில் வயல்களைப் பார்ப்பார். "வயலுக்கும் வேர்க்கும் ஆயா. தண்ணி இருந்தா வேர்த்து சில்லுனு இருக்கும், படத்துல நீலம். காஞ்சுபோனா சுடும், சிவப்பு" என்பார். எந்த வயலிலிருந்து எவ்வளவு தண்ணீர் காற்றோடு போனது என்று கணக்குப் போட்டு, எப்போது பாய்ச்சலாம் என்று விவசாயிகளின் போனுக்கே சொல்லிவிட வேண்டும் என்பது அவர் ஆசை.

"எனுக்கும் வேர்க்குது, நான் இன்னா கலரு?" என்று கேட்டேன்.

"நீ வேலை செஞ்சாத்தானே வேர்க்கும்!" என்றார்.

அவர் கணக்கு சரியா என்று ஒத்துப் பார்க்கத்தான் அந்தத் தொட்டி. வெயில் அதிலிருந்து எவ்வளவு குடித்தது என்று பார்ப்பது என் வேலை. உள்ளே ஒரு முள் நிற்கும். தினமும் காலையில், அதன் நுனியைத் தண்ணீர் தொடும்வரை அளவுக் குவளையால் ஊற்றி, குவளைக்கு ஒரு கரிக்கோடு சுவரில் போடுவேன். எனக்குத் தெரிந்த எழுத்து அவ்வளவுதான்.

கோடையில் கோடுகள் பெருகின. அவ்வளவு தண்ணீர் போயிருக்காது என்றது செயற்கைக்கோள் கணக்கு. பெரிய அதிகாரி மாடிக்கே வந்து கோடுகளை எண்ணினார். "கண்ணெதிர்ல இருக்கற தொட்டியை விட்டுட்டு மேல பறக்கறதை எப்படிம்மா நம்பறது? இந்தப் படக் கணக்கை இந்த வாரத்தோட நிறுத்திடுங்க."

அதிகாரி இறங்கிப் போன பிறகு, மேடம் தொட்டிக்குள் மிதந்த மேகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

தண்ணீர் எங்கே போனது என்று எனக்குத் தெரியும். காக்கைக்கு ஒரு பிடி வைக்காமல் நான் சோற்றில் கைவைத்ததில்லை. மத்தியானம் மாடியில்தான் சாப்பாடு. அந்த வெயிலில் வெறும் சோறு அதுகளின் தொண்டையில் இறங்குமா? வலையை நகர்த்தி வைப்பேன். முதலில் குடித்தன. பிறகு குளித்தன. பிறகு சொந்தபந்தங்களை எல்லாம் கூட்டிவந்தன. சாப்பிட்டு முடித்ததும் வலையை இழுத்து மூடிவிடுவேன், ஒருத்தருக்கும் தெரியாது.

சொன்னால் வேலை போய்விடும் என்று தெரியும். ஆனால் அந்த மேகத்துக்கு மேல் குனிந்திருந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"மேடம், அம்மாந் தண்ணியையும் வெயிலு குடிக்கல. காக்கா குட்ச்சிது. நான்தான் வலைய தெறந்து வுட்டுக்கினு இருந்தேன்."

சுவரிலிருந்த கோடுகளைத் திரும்பிப் பார்த்தார். "எத்தனை காக்கா ஆயா?"

"எண்றதுக்கு நிக்குதா இன்னா? எல்லாம் ஒரே மூஞ்சி வேற."

அதிகாரியிடம் இன்னும் பத்து நாள் கேட்டு வாங்கினார். வலையைக் கம்பியால் இறுக்கிக் கட்டினார். கைப்பிடிச் சுவர்மேல் காக்கைகளுக்கென்று ஒரு மண்சட்டியும் வைத்தார். கோடுகள் குறைந்தன. இரண்டு கணக்கும் பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தன. மேடத்தின் வேலை நிலைத்தது. எனக்குத் துடைப்பம் மிஞ்சியது. குவளையை மட்டும் வேறொருவரிடம் கொடுத்துவிட்டார்.

ஆற்றோரத்தில் இருந்த என் வீட்டை இடித்துவிட்டார்கள்; இப்போது ஊருக்கு வெளியே, அரசு கொடுத்த எட்டாவது மாடி வீட்டில் இருக்கிறேன். பால்கனிச் சுவரில் ஒரு தகரத் தட்டு நிறையத் தண்ணீர். ஒரு துண்டு வானம் இங்கேயும் இறங்கிப் படுக்கிறது. காலையில் குறைந்ததை ஊற்றி நிரப்பிவிட்டு, கரித்துண்டை எடுக்கிறேன். வெயிலுக்குப் பெரிய கோடு. பக்கத்திலேயே, காக்கைக்கும் ஒன்று. இந்த முறை மறைக்கவில்லை.