படிக்கட்டுக்கு அடியில் ஓர் இடம்

நாளைக் காலை முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் வீட்டுக்கு வருகிறார். ஓர் உயிரை நம்பி ஒப்படைக்க உங்கள் வீடு லாயக்குத்தானா என்று சுற்றிப் பார்க்கப் போகிறார். எந்தக் கதவைத் திறந்து காட்டுவீர்கள்? எதைச் சாத்தி வைப்பீர்கள்?

எல்லாவற்றையும் திறந்து போடுவேன் என்று மார் தட்ட வேண்டாம். வாசல் மணி அடித்ததும் அழுக்குத் துணியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுகிறவர்கள்தான் நாமெல்லாம். மடிப்பு அதைவிட ஒரு படி மேலே போனாள். தான் குடியிருக்கும் வீட்டையே கண்மறைவாகத் தள்ளிவிட்டு, அக்காவின் வீட்டைத் தன் வீடு என்று காட்டினாள்.

மடிப்பு என்பது சலவைக்கூடத்தில் வைத்த பட்டப்பெயர். ஒரு பெரிய ஹோட்டலின் அடித்தளத்தில், நீராவியும் சோப்பு வாசனையுமாக இருக்கும் அந்தக் கூடத்தில் படுக்கை விரிப்பும் துண்டும் தேய்த்து அடுக்குவது அவள் வேலை. நாற்பதைத் தாண்டியவள், தனி ஆள். கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று கேட்பவர்களுக்கு, "தேய்ச்சு முடிக்கட்டும், அப்புறம் பாக்கலாம்" என்பாள். தேய்க்க வேண்டிய துணி எந்தக் காலத்தில் முடிந்திருக்கிறது?

கறை போகாத துண்டு, ஓரம் பிரிந்த துண்டு எல்லாம் ஹோட்டலில் கழிவுக்குப் போகும். அவற்றை விலங்குக் காப்பகம் ஒன்று வாங்கிக்கொள்ளும். காப்பகம் மடிப்பு போகிற வழியில் இருந்ததால், மூட்டையைக் கொண்டுபோய்க் கொடுப்பது அவள் பொறுப்பானது. கழிவுத் துண்டுகளையும் அவள் தேய்த்து, மூன்றாக மடித்துத்தான் கொண்டுபோவாள். மேற்பார்வையாளர் அம்மாளுக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

"நாய் படுத்துப் புரளுற துண்டு. அதுக்கு எதுக்கு இவ்வளவு அலங்காரம்?"

"படுக்கறது நாய்தாம்மா. தேய்க்கறது நான்ல?"

காப்பகத்தின் பின்பக்க அறையில் முயல்களுக்குப் பக்கத்துக் கூண்டில் இரண்டு கினிப்பன்றிகள் இருந்தன. பேரில்தான் பன்றி. ஒரு கையில் அடங்கிவிடும், வாலில்லாத சாதுப் பிராணி. பழுப்பும் வெள்ளையுமாக, ஒரு காது கிழிந்திருந்ததன் பேர் பார்சல். இரண்டு முறை வீட்டுக்கு அழைத்துப் போகப்பட்டு இரண்டு முறையும் திரும்பி வந்ததால் அந்தப் பேர். எப்போதும் அதன் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்த தங்கைக்கு ரசீது என்று வைத்துவிட்டார்கள். இரண்டையும் பிரித்துக் கொடுப்பதில்லை. தனியாக இருந்தால் அந்த இனம் வாடிப்போகும் என்று, காப்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் கண்ணாடி போட்ட பெண் சொன்னாள்.

ஒரு நாள் மடிப்பு மூட்டையின் பிளாஸ்டிக் உறையைப் பிரித்தாள். சரசரப்புச் சத்தம் கேட்டதும், துண்டுக்குள் முகம் புதைத்துக் கிடந்த பார்சல் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு வீல் வீல் என்று விசில் அடித்தது. பூர்வஜென்ம பந்தம், புண்ணாக்கு ஒன்றுமில்லை. பிளாஸ்டிக் சரசரத்தால் கீரை வருகிறது என்று பழகிய பிராணி, கீரைக்காகக் கத்தியது. மடிப்புக்கும் அது தெரியும். ஆனாலும் அடுத்த முறை அவள் கையில் கீரைக்கட்டு இருந்தது. அதற்கடுத்த முறை, "இதை... யார் வேணும்னாலும் வளக்கலாமா மேடம்?" என்று கேட்டாள். மேடத்துக்கு வயது இவள் வயதில் பாதி இருக்கும்.

"கையில வாங்கிப் பாருங்கக்கா."

"வேணாம் மேடம். காய்ச்சுப்போன கை. உறுத்தும்."

"அதுக்கு உறுத்தலைன்னா உங்களுக்கு என்ன?"

வாங்கினாள். உள்ளங்கையில் ஒரு சின்ன இதயம் படபடவென்று அடித்தது. தன்னுடையது அதைவிட வேகமாக அடித்ததை அந்தப் பெண் கவனித்துவிடுவாளோ என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

"வீடு எப்படிக்கா? இடம் இருக்கா?"

"ரெண்டு ரூம் மேடம். பால்கனி இருக்கு. நான் தனி ஆள்தான்." மடிப்பின் நாக்கு அவளைக் கேட்காமலேயே சொல்லி முடித்துவிட்டது.

"அப்போ ஞாயித்துக்கிழமை வந்து பாத்துடறேன். பயப்படாதீங்க, எல்லார் வீட்டுக்கும் போறதுதான்."

அன்று மாலையே அக்காவின் வீட்டில் போய் நின்றாள். அக்காவுக்கு நாக்கு நீளம், மனசு அதைவிட நீளம்.

"உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? எலிக்குட்டிக்கு வீடு பாக்க ஆள் வருதாம், இவ என் வீட்டைக் காட்டப் போறாளாம்!"

"எலி இல்லக்கா. ஒரு ஞாயித்துக்கிழமை மட்டும்தான்."

"வீட்டைத் தர்றேன். மனுஷனைத் தர மாட்டேன். ராத்திரி வேலை பாத்துட்டு வந்து உள் ரூம்ல தூங்குவார். எழுப்பினே, ரெண்டு பேரையும் சேத்து வெளியே தள்ளிடுவார்."

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து மடிப்பு அக்கா வீட்டுத் திரைச்சீலை, சோபா உறை, தலையணை உறை எல்லாவற்றையும் கழற்றித் தேய்த்து மாட்டினாள். "பொண்ணு பாக்க வந்தப்பகூட நம்ம வீட்ல இந்தக் கூத்து நடக்கலைடி" என்று அக்கா சிரித்தாள். பிறகு விருந்தாளியாக வேஷம் கட்டி, சொந்த வீட்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

கண்ணாடிப் பெண் வந்தாள். ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு, "கொஞ்சம் தண்ணி குடுங்கக்கா" என்றாள்.

மடிப்பு சமையலறைக்குப் போய் ஓர் அலமாரியைத் திறந்தாள். பழைய செய்தித்தாள். இன்னொன்றைத் திறந்தாள். பருப்பு டப்பாக்கள். மூன்றாவதைத் திறந்தபோது விளக்குமாறு சாய்ந்து விழுந்தது.

"டம்ளர் அந்த ரெண்டாவது தட்டுல..." என்று கூடத்திலிருந்து குரல் கொடுத்த விருந்தாளி, பாதியில் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

தண்ணீர் குடித்துவிட்டு அந்தப் பெண் உள் அறையைப் பார்க்கலாமா என்று கேட்டாள். மடிப்பு முன்னால் போனாள். மூடியிருந்த கதவை மெல்லத் தட்டிவிட்டு, கைகட்டிக் காத்து நின்றாள். தன் வீட்டு அறைக் கதவைத் தட்டி அனுமதி கேட்கும் மனுஷியை அந்தப் பெண் அதற்குமுன் பார்த்திருக்க மாட்டாள்.

"யாருடி அது?" என்று உள்ளேயிருந்து ஆண் குரல் வந்தது.

"நீங்க தனியா இருக்கேன்னு சொன்னீங்களேக்கா?"

"அது என் வீட்டுக்காரர்மா" என்று அக்கா பாய்ந்து வந்தாள். "என்கூட இவளைப் பாக்க வந்தார். வந்த இடத்துல கண்ணு அசந்துட்டார்."

அந்தப் பெண் சுவரில் மாட்டியிருந்த அக்காவின் கல்யாணப் படத்தைப் பார்த்தாள். "சரிக்கா. கூண்டை எங்க வைக்கப்போறீங்க?"

அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவள் போல மடிப்பின் முகம் மலர்ந்தது.

"படிக்கட்டுக்கு அடியில மேடம். அங்க வெயில் படாது, காத்தும் நேரா அடிக்காது. செங்கல் அடுக்கிப் பலகை போட்டிருக்கேன், தரை குளிர் ஏறாது. ஒளிஞ்சுக்கப் பெட்டி ஒண்ணு, ஓட்டை போட்டு..."

நின்றுவிட்டாள். இரண்டாவது மாடியில் இருந்த அந்த வீட்டுக்குள் ஏது படிக்கட்டு?

இஸ்திரிப் பெட்டியின் ஆவி முகத்தில் அடித்தது போல அவளுக்குக் காது மடல்வரை எரிந்தது. தரை பிளந்து உள்ளே போய்விடலாமா என்றிருந்தது. அக்காவுக்கே வாய் அடைத்துப்போன அபூர்வமான நேரம் அது.

"அந்தப் படிக்கட்டைப் பாக்கலாமா?" என்றாள் அந்தப் பெண்.

அடுத்த தெருதான். அக்காவும் கூடவே வந்தாள். ஆனால் மடிப்புக்கு அந்த வழி நீண்டுகொண்டே போனது. எதிரே வந்தவர்கள் எல்லாரும் தன்னைத் திருடியைப் போலப் பார்ப்பதாகத் தோன்றியது. வெட்கப்பட வேண்டியது பொய்க்கு மட்டும்தான் என்று யாராவது அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டும். அவளோ பொய்க்குக் கொஞ்சமும், அறைக்கு மிச்சமுமாக வெட்கப்பட்டுக்கொண்டு நடந்தாள். உழைத்த காசில் வாடகை கொடுத்துக் குடியிருக்கும் இடத்தைக் குற்றம் போல மறைக்க, பிறக்கும்போதே யாரும் கற்றுக்கொண்டு வருவதில்லை. வாசலில் நின்று கண்ணைச் சுவர் சுவராக ஓடவிடுகிறோமே, நாம் கற்றுக்கொடுத்ததுதான்.

நான்கு மாடிக் கட்டடம். அதன் படிக்கட்டுக்கு அடியில் கதவு வைத்த ஓர் அறை. கூரை ஒரு பக்கம் சரிந்து இறங்கும். முழுசாக நிமிர்ந்து நிற்கப் பாதி அறைதான். ஒரு கட்டில், ஓர் அடுப்பு, கொடியில் நூல் பிடித்தது போல மடித்த சேலைகள். கூரை தாழ்ந்த மூலையில் செங்கல், பலகை, மூன்றாக மடித்த துண்டுகள், வாசல் வெட்டிய பெட்டி.

அந்தப் பெண் மண்டியிட்டு உட்கார்ந்தாள். ஈரம் இருக்கிறதா என்று சுவரைத் தடவினாள். பெட்டியின் ஓட்டையில் விரல் விட்டு ஓரத்தைச் சோதித்தாள். பிசிறே இல்லை, உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தது. "நல்லா இருக்கேக்கா" என்று அவள் சொல்லும்போதே சுவர் உறுமியது. அடுப்பு மேடையில் கரண்டிகள் கிணுகிணுத்தன. அந்தப் பெண் துள்ளி எழுந்ததில் சரிந்த கூரையில் தலை இடித்தது.

"என்னக்கா அது!"

"எது மேடம்?"

"இந்தச் சத்தம்!"

"ஓ... பக்கத்துல தண்ணி மோட்டார். மேல தொட்டிக்கு ஏறுது. தினம் ஓடறதுதான்."

"எந்நேரம் ஓடும்?"

"தண்ணி தீர்றப்பல்லாம். ராத்திரிலயும் ஓடும்."

தலையைத் தேய்த்துக்கொண்டே அந்தப் பெண் கேட்டாள்: "நீங்க எப்படித் தூங்கறீங்க?"

மடிப்பு அதிரும் சுவரைத் தொட்டுப் பார்த்தாள். அந்த அறைக்கு வந்த ஆறு வருஷத்தில் அவளிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. அக்கா வீட்டில் மாட்டிக்கொண்டபோதுகூட இப்படிக் கூசவில்லை. சத்தம் இருப்பதே தெரியாமல் போகும் அளவுக்கு அதோடு வாழ்ந்திருக்கிறோம் என்பது இன்னொருத்தி துள்ளி எழுந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

"இந்த அதிர்வுல பார்சல் சாப்பிடாதுக்கா. பயந்துட்டா அதுங்க தீனியைத் தொடாது. தீனி நின்னா உயிரே போயிடும்."

"அறையும் சின்னது..." என்று மடிப்பு முணுமுணுத்தாள்.

"அறைல ஒண்ணும் குறை இல்லை. அதைத் திருப்பிக் கொண்டாந்து விட்டவங்கள்ல ஒருத்தர் வீட்ல, கார் நிறுத்தற இடமே இதைவிடப் பெருசு. கம்பளம் அழுக்காகுதாம். இன்னொருத்தர் பிள்ளைக்குப் போரடிச்சிடுச்சாம்." அவள் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டாள். "நீங்க பொய் சொன்னதுதான் எனக்குப் பயமா இருக்கு. நாளைக்கு அதுக்கு உடம்பு முடியலைன்னா, திட்டுவாங்கன்னு அதையும் மறைச்சிட்டீங்கன்னா? மோட்டாருக்கு ஏதாவது வழி பண்ணுங்க. பண்ணிட்டுக் கூப்பிடுங்க. நடுவுல வேற யாராவது கேட்டா குடுத்துடுவோம். அதையும் சொல்லிடறேன்."

அவள் போன பிறகு அக்கா மெதுவாகச் சொன்னாள்: "எத்தனை தடவை இங்க வந்து உக்காந்திருக்கேன். எனக்குக்கூடக் கேக்கத் தோணலையேடி."

வேறு யாராவது கேட்டால் கொடுத்துவிடுவோம். அந்த வார்த்தைதான் மடிப்பைப் படியேற வைத்தது. மேல் மாடியில் வீட்டுக்காரர் வாசலில் நின்றாள். வாடகை கொடுக்கத் தவிர வேறெதற்கும் அவள் அந்த மணியை அடித்ததில்லை.

"என்னம்மா?"

"சார்... மோட்டார் சத்தம்... சுவர் ஆடுது. கொஞ்சம் பாக்க முடியுமா?"

"இத்தனை வருஷமா ஓடுது. ஒரு நாள் நீ வாயைத் திறந்ததில்லையே?"

"ஒரு பிராணி வருது சார். அதுக்கு ஆகாதாம்."

அவர் சிரித்தார். "பிராணிக்கு ஆகாதா? சரி சரி, ஆள் அனுப்பறேன்."

அவர் கொடுமைக்காரர் இல்லை. அதுதான் இன்னும் கொடுமை. மறுநாள் வந்த மெக்கானிக், தளர்ந்திருந்த போல்ட்டுகளை முடுக்கி, மோட்டாருக்கு அடியில் தடித்த ரப்பரை வைத்தார். மடிப்பு போட்டுக் கொடுத்த டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது. ஆறு வருஷம் ஒரு பெண்ணின் தூக்கத்தை அரைத்த இயந்திரத்துக்கு மருந்து ஒரு துண்டு ரப்பர்! ஒரு சின்னப் பிராணிக்காகக் கேட்கத் தெரிந்தவளுக்குத் தனக்காகக் கேட்கத் தெரியவில்லை. அவளுக்காகக் கேட்க அந்த நான்கு மாடியில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தலைக்கு மேல் அத்தனை பேர் குளித்தார்கள், கை கழுவினார்கள். தண்ணீர் எந்தச் சுவரை உலுக்கிக்கொண்டு மேலே வருகிறது என்று யார் நினைத்தார்கள்? இதில் வெட்கப்பட வேண்டியவர்கள் யார்?

வெட்கப்பட்டதென்னவோ மடிப்புதான். மோட்டார் மெல்ல முனக, தன் அறையில் முதல்முறையாகக் குழாய் சொட்டுவது கேட்டது. யாரோ மாடியில் பாடுவது கேட்டது. கட்டிலில் உட்கார்ந்து, முகத்தைத் துண்டில் பொத்திக்கொண்டு அழுதாள்.

பிறகு காப்பகத்துக்குப் போன் செய்தாள்.

"பார்சல் இருக்காம்மா?" 'மேடம்' என்ற வார்த்தை எங்கே போனது என்று அவளுக்கே தெரியாது.

"இருக்குக்கா. நேத்து ஒரு குடும்பம் வந்தாங்க. வெள்ளை முயலைத்தான் எடுத்துட்டுப் போனாங்க. கிழிஞ்ச காதை யார் கேக்கறா?"

"நான் கேக்கறேன். மோட்டார் சரியாயிடுச்சு. ஆனா முழுசாச் சொல்லிடறேன். ஒரே அறைதான். ஜன்னல் பாதிதான் திறக்கும். பெரிய மழைன்னா வாசல்ல தண்ணி நிக்கும். நான் வேலைக்குப் போனா சாயங்காலம்தான் வருவேன். எனக்கு அதைத் தூக்கறதுக்கு இன்னும் பயமா இருக்கு. அன்னிக்கு உள்ள தூங்கினது என் அத்தான்..."

"போதும்கா, போதும்" என்று அந்தப் பெண் சிரித்தாள். "இன்னிக்குச் சாயங்காலம் வர்றோம். மூணு பேரா."

வந்தார்கள். பார்சல் பெட்டிக்குள் ஓடி ஒளிந்தது. ரசீது பின்னாலேயே போனது. வெகு நேரம் ஒன்றும் வெளியே வரவில்லை. மோட்டார் ஓடத் தொடங்கியதும் மடிப்பு மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பெட்டிக்குள்ளிருந்து புல் மெல்லும் சத்தம் நிற்காமல் வந்தது.

"இதுக்கா நான் என் வீட்லயே விருந்தாளியா உக்காந்தேன்?" என்றாள் வேடிக்கை பார்க்க வந்திருந்த அக்கா. மடிப்பால் அவள் முகத்தை இன்னும் நேராகப் பார்க்க முடியவில்லை.

உங்கள் கட்டடத்திலும் படிக்கட்டுக்கு அடியில், மோட்டாருக்குப் பக்கத்தில், குப்பைத் தொட்டியை ஒட்டி யாராவது குடியிருப்பார்கள். இன்றைக்கே இறங்கிப் போய் அந்தக் கதவைத் தட்டுங்கள். கண்ணைச் சுவர்களில் மேயவிடாமல், மோட்டார் ஓடும்போது அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். பிறகு மேலே போய், வீட்டுக்காரர் வீட்டு மணியை நீங்கள் அடியுங்கள். அங்கே ஒரு பிராணி வந்து சேரும்வரை காத்திருக்காதீர்கள்.