மார்ச் கடைசியும் மூன்றாம் அமாவாசையும்

கையில் வாங்கும் சம்பளம் ஏறவில்லை. காகிதத்தில்தான் ஏறியது. அதனால் எங்கள் வீட்டுக்கு இ.எஸ்.ஐ. நின்றுபோகும் என்று கம்பெனி ஆபீசில் சொன்னார்கள்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் கம்பெனி ஒன்றில் எனக்கு ஃபர்னஸ் பக்கம் வேலை. படிப்பு பத்தாவதோடு சரி. மாதா மாதம் சம்பளத்தில் இ.எஸ்.ஐ.க்குப் பிடிப்பார்கள். அந்தக் காப்பீட்டை வைத்துத்தான் என் மனைவிக்கு இதய வால்வு சுருங்கிப் போனதைக் கண்டுபிடித்தார்கள். வால்வை மாற்றியே தீர வேண்டும், சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருகிறோம் என்றும் சொல்லியிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து மத்திய அரசின் புதிய தொழிலாளர் சட்டம் வந்தது. அதுவரை அலவன்ஸ் என்று தனியாகக் காட்டியதில் பெரும்பகுதியைச் சம்பளத்திலேயே சேர்த்துவிட்டார்கள். இ.எஸ்.ஐ.க்கு ஒரு சம்பள வரம்பு உண்டு. நான் அதைத் தாண்டிவிட்டேன்.

"நல்ல சேதிதானேப்பா, பி.எஃப். ஜாஸ்தியாவும்" என்றார் ஆபீஸ் அதிகாரி. அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு வந்த உத்தரவை அவர் சொன்னார்.

பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்து வந்து என்னோடு வேலை செய்கிறவன் மட்டும் விடவில்லை. "இன்னா நைனா, பணக்காரன் ஆய்ட்டியாமே. டப்பு எங்க ஒளிச்சி வெச்சிகீற?"

"எனக்கே தெர்ல நைனா. பேப்பர்ல கீதாம். நீ பார்த்தா சொல்லு" என்றேன். சிரித்தான். அடுத்த மாதம் அவனும் தாண்டப்போகிறவன்தான்.

இ.எஸ்.ஐ. போனால் மாநில அரசின் காப்பீட்டு அட்டை இருக்கிறதே என்று கிராம நிர்வாக அலுவலகத்துக்குப் போனேன். அதற்கு வருமானச் சான்றிதழ் வேண்டும். அங்கிருந்தவர் என் சம்பளச் சீட்டைப் பார்த்துவிட்டு, "இந்த வருமானத்துக்கு அந்த அட்டை வராதுங்களே" என்றார். டெல்லித் திட்டத்துக்கு நான் வசதியானவன். சென்னைத் திட்டத்துக்கும் வசதியானவன். இரண்டுக்கும் நடுவில் என் மனைவி மாடிப்படி ஏற முடியாமல் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள்.

வாசலில் ஒரு தரகர் பின்னாலேயே வந்தார். "வருமானத்த கம்மியா போட்டு வாங்கித் தர்றேண்ணே. ஊரே செய்யுது."

வீட்டில் வந்து சொன்னேன். அவள் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள். "நெஞ்சைத் தொறந்து படுக்கப் போறவ நானு. பொய்ய எழுதி வெச்சிட்டா போய்ப் படுப்பேன்? வேணாய்யா."

எனக்கும் மனசு வரவில்லை. ஆனால் சும்மா உட்காரவும் முடியவில்லை. மறுநாள் லீவு போட்டுவிட்டு இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்கே போய், இனிமேல் என்ன வழி என்று கேட்டேன். கம்ப்யூட்டரில் இருந்த அம்மா தட்டிப் பார்த்தார்.

"யாருண்ணே இன்னிக்கே நின்னுடும்னு சொன்னது? நடுவுல சம்பளம் ஏறினாலும் இந்த ஆறு மாசக் கணக்கு மார்ச் கடைசி வரிக்கும் ஓடும். பெரிய ஆபரேஷன்னா அதுக்குள்ள போய்டுங்க. அப்புறம் எழுதித் தர்றது கஷ்டம்."

நான் அங்கேயே கையெடுத்துக் கும்பிட்டேன். "என்ன எதுக்குண்ணே கும்புட்ற, ஓடு ஓடு" என்றார்.

ஓடினேன். மருந்தகம், அங்கிருந்து ஆஸ்பத்திரி, மறுபடி கம்பெனி, மறுபடி ஆஸ்பத்திரி. ஷிப்டு முடிந்து தூங்காமல் எலெக்ட்ரிக் ரயிலில் நின்றபடியே போனேன். கடைசியில் பங்குனியில், மார்ச் முடிவதற்குள் ஒரு தேதி கிடைத்தது.

அந்தத் தேதியை அவள் வேண்டாம் என்றாள்.

திருவள்ளூரில் எங்கள் பெருமாளுக்கு வைத்தியர் என்றே பெயர். நோயாளிகள் அமாவாசைக்கு அங்கே போய்க் குளத்தில் வெல்லம் போடுவார்கள். வெல்லம் கரைகிற மாதிரி நோய் கரையட்டும் என்று வேண்டுதல். மூன்று அமாவாசை விடாமல் செய்ய வேண்டும். தை அமாவாசைக் கூட்டத்தில் அவளால் நிற்க முடியாது என்று மாசியில் ஆரம்பித்திருந்தாள். மாசி, பங்குனி, பிறகு சித்திரை. மூன்றும் முடிந்த பிறகுதான் கத்தி வைக்க விடுவேன் என்று பெருமாளிடம் சொல்லிவிட்டாளாம். சித்திரை அமாவாசை ஏப்ரலில் வருகிறது. காப்பீடு மார்ச்சில் முடிகிறது.

வீட்டில் பேசிப் பார்த்தேன், நடக்கவில்லை. பங்குனி அமாவாசைக்குப் போனோம். பேசின் பிரிட்ஜில் ரயில் மாறும்போது மேம்பாலத்தில் நாலு இடத்தில் நின்றாள். குளத்துப் படியில் வெல்லத்தைப் போட்டுவிட்டு அவள் உட்கார்ந்திருக்கையில் நான் மறுபடி எடுத்தேன்.

"ஏம்மே, டாக்டரு தேதி குட்த்துட்டாரு. நீ இன்னாடான்னா அமாவாச கணக்கு சொல்லிக்கினு கீற."

"சாமிகிட்ட சொன்ன சொல்ல மாத்த மாட்டேன்."

"சாமியத்தான் வைத்தியர்னு கூப்புட்ற. வைத்தியர் குட்த்த தேதிய வைத்தியர்கிட்டயே வேணாம்னு சொல்லுவியா?"

"அது ஆஸ்பத்திரி குட்த்தது."

"அந்த மருந்தகத்துல அந்தம்மா வாய்ல வந்து மார்ச் வரிக்கும் கீதுன்னு சொன்னது யாருன்ற? நான் ஓடின ஓட்டத்துக்கு தேதி கெடச்சிதே, அது யாரு குட்த்தது?"

அவள் என்னை முறைத்தாள். "பெருமாளு இன்னா இ.எஸ்.ஐ.ல வேலை செய்றாரா?"

பக்கத்தில் துணி பிழிந்துகொண்டிருந்த பெண்மணி சத்தமாகச் சிரித்துவிட்டார். "செஞ்சா நல்லாதாங்கா இருக்கும், க்யூவாவது சீக்கிரம் நவுரும்."

அவளுக்கும் சிரிப்பு வந்தது. சிரித்ததில் மூச்சு வாங்கியது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் முதுகை நீவிவிட்டேன். முகத்தைப் பார்த்தால் அழுதுவிடுவேன் என்று எனக்குப் பயம்.

திரும்பி வரும் ரயிலில் அவளாகவே சொன்னாள். "மூணாவது அமாவாசைக்கு என் பேர்ல நீ போவணும்."

"போறேன்."

"வெறும் வயித்தோட போவணும். டீ கெடயாது."

நான் எழுந்தவுடன் டீ குடிக்காவிட்டால் யாரிடமும் பேசாதவன். அது தெரிந்துதான் கேட்டாள். "போறேன்" என்றேன்.

குறித்த நாளில் ஆபரேஷன் நடந்தது. கதவுக்கு வெளியே நின்றிருந்த நேரம் முழுவதும் எனக்குத் தெரிந்த ஒரே நாமத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். வார்டுக்கு வந்த பிறகு ஒருநாள் என் தலையை இழுத்து நெஞ்சுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். "கேளு. கடியாரம் மாரி ஓடுது." உண்மைதான். புது வால்வு டிக் டிக் என்று சன்னமாகக் கேட்டது. இரத்தம் உறையாமலிருக்க ஆயுசுக்கும் மாத்திரை போட வேண்டும், மாதா மாதம் இரத்தம் பரிசோதிக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார்.

சித்திரை அமாவாசைக்கு டீ குடிக்காமல் போனேன். குளத்தில் இறங்கி நிற்கும்போது, பைக்குள்ளிருந்து போன் அடித்தது.

"டீ குட்ச்சியா?"

"இல்ல."

"சத்தியமா?"

"தண்ணில நின்னுகினு பொய் சொல்வனா? வை போன."

வெல்லத்தைப் போட்டேன். அவளுக்காகத்தான் வேண்டினேன். ஆனால் அந்தப் பள்ளிப்பட்டுக்காரன் முகமும் வந்தது. அவன் பிள்ளைக்கு வலிப்பு. அதே இ.எஸ்.ஐ. மருந்தகத்தில்தான் மருந்து வாங்குகிறான். எங்கள் ஷிப்டில் தாண்டியவர்கள் இன்னும் பலர். அவர்களுக்கு ஆறு மாதக் கணக்கு இருப்பதே தெரியாது. அன்றிலிருந்து கேன்டீனில் ஒருவர் விடாமல் சொல்லிக்கொண்டு வருகிறேன், பிடித்தம் எதுவரை ஓடும் என்று நீயே போய்க் கேள், அடுத்தவன் சொன்னதை நம்பாதே என்று. வரம்பை உயர்த்தப்போகிறார்கள் என்று பேச்சு அடிபடுகிறது. உயர்த்தினால் மகராசர்களாக இருக்கட்டும். அதுவரை மாத்திரையை நிறுத்திவைக்க முடியாதே.

தேர்தல் முடிந்து குறைதீர்க்கும் கூட்டம் மறுபடி தொடங்கிய முதல் திங்கட்கிழமை, திருவள்ளூர் கலெக்டர் ஆபீசுக்குப் போனேன். பள்ளிப்பட்டுக்காரனும் வந்தான். இ.எஸ்.ஐ.யிலிருந்து விழுகிறவர்களை மாநிலக் காப்பீட்டில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று என் கையெழுத்திலேயே எழுதியிருந்தேன். மேசையில் இருந்தவர் படித்தார்.

"உங்க வீட்டம்மாவுக்குத்தான் ஆபரேஷன் ஆயிடுச்சே?"

"ஆச்சு சார். மாத்திரை ஆயுசுக்கும் கீது. இவன் புள்ளைக்கும் கீது."

"வரம்பு எல்லாம் டெல்லி சமாச்சாரம்ப்பா. அட்டைன்னா சென்னையில முடிவு பண்ணணும்."

"தெரியும் சார். எனக்கு ரெண்டு ஊருக்கும் வழி தெரியாது. திருவள்ளூருக்குத்தான் தெரியும். நீங்க அனுப்புங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பின்னால் வரிசையில் சலசலப்பு. "நகருப்பா" என்று யாரோ சொன்னார்கள். ஒப்புகைச் சீட்டில் முத்திரை விழும்வரை நான் நகரவில்லை.