மாமாவின் கண் பட்ட கம்ப்யூட்டர்கள்

"உங்க அக்கா கட்டுற மிஷின்ல அப்படி என்னதான் இருக்கு? நான் கட்டுறதுல என்ன இல்ல?"

என் அக்காவின் கணவர், மாமா, இதை என்னிடம் அடிக்கடி கேட்பார். பள்ளிப் படிப்பு முடிந்து, வீட்டில் ஓரிடத்தில் உட்காரப் பிடிக்காமல், அவர்கள் இருவரும் நடத்தும் கம்ப்யூட்டர் கடையைச் சுற்றிக்கொண்டிருந்தேன். வெறும் கேபினட்டில் பாகங்களைப் பொருத்தி ஓட வைப்பதைத்தான் அங்கே 'கட்டுவது' என்பார்கள்.

கடையை ஆரம்பித்தவர் மாமா. டிவி ரிப்பேரில் கை பழகி, பிறகு கம்ப்யூட்டருக்கு வந்தவர். அக்கா பில் போட உட்கார்ந்து, அவர் கட்டுவதைப் பார்த்தே கற்றவள். ஒரு முறை மாமா காய்ச்சலில் படுத்தபோது, தேங்கிக் கிடந்த ஆர்டர்களை அவளே கட்டிக் கொடுத்துவிட்டாள். அங்கே பிடித்தது சனி. அதன் பிறகு வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா இல்லையா? அப்ப சாயங்காலம் வரேன்" என்று போகிறவர்கள் அதிகமானார்கள்.

"ஏன், எனக்குக் கை இல்லையா?" என்பார் மாமா, அவர்கள் தெருமுனை திரும்பிய பிறகு.

அவருடைய மிஷின்களும் ஓடும். ஆனால் அவற்றில் ஏதாவது ஒன்று சின்னப் புகாரோடு திரும்பி வரும். அக்காவினுடையது வராது. இது மாமாவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. அவள் ஒன்றைக் கட்டி முடித்ததும், டார்ச்சை எடுத்துக்கொண்டு வந்து கேபினட்டுக்குள் தலையை விடுவார். குற்றம் கண்டுபிடிக்காமல் தலையை வெளியே எடுக்க மாட்டார்.

"இந்த வயர் ஃபேன்ல உரசும்."

"உரசலையே."

"இன்னிக்கு உரசாது. நாளைக்கு உரசும்."

அக்கா வயரை இழுத்துக் கட்டுவாள்.

"ரேம் ஒரு பக்கம்தான் உக்காந்திருக்கு. ரெண்டு முனையும் டக்குன்னு சத்தம் கேக்கணும். எனக்குக் கேக்கலையே?"

"நீங்க வாசல்ல நின்னு டீ குடிச்சா எப்படிக் கேக்கும்?"

சொல்லிவிட்டு அக்கா மறுபடி அழுத்துவாள். டக்கென்று சத்தம் வரும். மாமாவின் முகத்தில் லாட்டரி விழுந்த களை தெரியும். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பார்கள். மாமாவின் கண் படாத மிஷின் ஒன்றுகூட அக்காவின் மேஜையிலிருந்து வெளியே போனதில்லை.

இந்தச் சமயத்தில் ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி நிலையம் புதிய மிஷின்களுக்குப் பாகங்களை வாங்கி வைத்திருந்தது. அங்கேயே வந்து கட்டித் தரும்படி அக்காவை மட்டும் கூப்பிட்டார்கள். வேலை பிடித்தால் இனி ரிப்பேர் எல்லாம் அவளுக்குத்தானாம். அன்றைக்கு மாமா சாப்பாட்டில் உப்பில்லை என்றார். உப்பு இருந்தது.

"நாளைக்கு எல்லாரும் என்னை உங்க அக்கா வீட்டுக்காரர்னு சொல்லப்போறாங்க" என்று என்னிடம் முணுமுணுத்தார். "மெக்கானிக்னு சொல்ல ஆள் இருக்காது."

நான் அக்காவோடு போனேன். பிராசசரின் மூலையில் ஒரு சின்ன முக்கோணக் குறி இருக்கும். அது உட்காரும் போர்டிலும் அதே குறி இருக்கும். இரண்டையும் பொருத்தி, அழுத்தாமல், பூப்போல இறக்கினாள். அதன்மேல் சூட்டைக் கடத்தும் பேஸ்ட் ஒரு துளி வைத்து, சூட்டை இழுக்கும் கூலரைப் பொருத்தினாள். எல்லா மிஷின்களும் ஓடின. அக்கா மூச்சு விடுவதற்குள் முதல் மிஷின் தானாக அணைந்தது. அடுத்து, அதன் பக்கத்து மிஷின். பிறகு வரிசையாக எல்லாமே.

நிலையத்தின் பொறுப்பாளர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "இப்படித்தான்னா நாங்க வேற ஆளைப் பாத்துக்கிறோம்மா."

அக்கா வயர்களையும் ரேமையும் கழற்றிப் பார்த்தாள், மறுபடி மாட்டினாள். எதுவும் பிடிபடவில்லை. கடைசியில் மாமாவுக்குப் போன் போட்டாள்.

"கொஞ்சம் வந்து பாருங்களேன்."

"யாரு, நானா? உன்னைத்தானே கூப்பிட்டாங்க?"

"ஆமா. இப்ப நான் உங்களைக் கூப்பிடுறேன்."

மாமா இஸ்திரி போட்ட சட்டையில், தலை சீவி, டார்ச்சோடு வந்தார். திறந்திருந்த மிஷின் ஒன்றை ஓடவிட்டார். திரையில் பிராசசரின் சூடு ஏறிக்கொண்டே போனது. கூலரின் மேல் விரலை வைத்தார்.

"உள்ள கொதிக்குது, இங்க ஜில்லுனு இருக்கு. நடுவுல யாரோ கதவைச் சாத்தியிருக்காங்க."

மிஷினை நிறுத்தி, கூலரைக் கழற்றிக் கவிழ்த்தார். அடியில், கண்ணாடி போன்ற மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தது. கீறல் விழாமலிருக்கக் கம்பெனியில் ஒட்டியது; பொருத்தும் முன் உரிக்க வேண்டும். எங்கள் கடையில் வாங்கும் கூலர்களில் அந்தத் தாள் வராது. அக்காவின் கண்ணுக்கு அது தெரியவே இல்லை.

"அப்ப மேடம் தப்பாக் கட்டிட்டாங்களா?" என்றார் பொறுப்பாளர்.

நான் மாமாவையே பார்த்தேன். அவர் இத்தனை நாள் ஏங்கிய வார்த்தை, யாரோ ஒருவர் வாயிலிருந்தே வந்துவிட்டது. அவர் அந்தத் தாளை விரலில் ஒட்டிக்கொண்டு, அக்காவை ஒரு பார்வை பார்த்தார். அவள் தலை குனிந்திருந்தது.

"அவ கட்டினது சரிதாங்க. மூடறதுக்கு முன்னாடி ஒருத்தர் பாக்கணும். பாக்குறது என் வேலை. என்னைக் கூப்பிடாம விட்டது உங்க தப்பு."

பொறுப்பாளர் கட்டியிருந்த கையை இறக்கினார். தாள்களை உரித்து, பழைய பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாக வைத்து, எல்லாவற்றையும் மறுபடி மாட்டினார்கள். மாமா ஒவ்வொரு கேபினட்டுக்குள்ளும் தலையை விட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு குறையாவது கண்டுபிடித்த பிறகே மூட விட்டார். ஒன்றும் அணையவில்லை. கிளம்பும்போது பொறுப்பாளர், "இனிமே ரெண்டு பேரும் சேர்ந்தே வாங்க" என்றார்.

"அதைத்தாங்க முதல்லயே சொல்லியிருக்கணும்" என்றார் மாமா.

நடந்து வரும்போது எனக்கு எல்லாம் விளங்கியது. "மாமா, அக்கா மிஷினை நீங்க பாக்குறீங்க. உங்க மிஷினை யாரு பாக்குறா?"

அதற்கு அக்கா சொன்னாள். "நாளையிலேருந்து நான் பாக்குறேன்."

"என்னோடதுல பாக்க என்ன இருக்கு?"

மறுநாள் அக்கா அவர் கட்டிய மிஷினைத் திறந்தாள். "இந்த ஸ்க்ரூ சும்மா வேடிக்கை பாக்க வந்துச்சா? முறுக்கவே இல்லையே!" மாமாவின் முகம் போன போக்கைச் சொல்ல எனக்கு எழுத்து போதாது.

இப்போது மாமாவின் மிஷின்களும் திரும்பி வருவதில்லை. போன வாரம் ஒருவர் வந்து, "அண்ணன் கட்டினது சத்தமே இல்லாம ஓடுதுங்க" என்று புகழ்ந்தார். பில் போட்டுக்கொண்டிருந்த அக்கா ஸ்டேப்ளரை ஓங்கி அடித்தாள். "சத்தமே இல்லையாம்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு, மாமா கட்டி வைத்திருந்த அடுத்த மிஷினைத் தன் பக்கம் இழுத்தாள்.

தனியாகக் கட்டி, தானே மூடிவிடுகிற யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், இந்தக் கதையை அவர்களிடம் சொல்லுங்கள். அவர்கள்மேல் பொறாமைப்படுகிற ஆள் பக்கத்திலேயே இருந்தால், அவருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள்.