றொசாந்திக்கு வராத வசனம்

மானிப்பாய் ஆசுபத்திரிக்குப் பின்னால் குடியிருக்கும் றொசாந்திக்கு வேலை போனதிலிருந்து கால் ஓரிடத்தில் நிற்பதில்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் தொலைக்காட்சியில் எடிட்டிங் செய்துகொண்டிருந்தாள். அவர்கள் கடையை மூடிக்கொண்டு போய்விட்டார்கள். அதன்பிறகு யார் விசாரித்தாலும் தாய் பியாட்றிஸிடம் ஒரே பதில்தான்.

"பிள்ளை சும்மாதான் இருக்கிறாள். கனடாவுக்குப் போகத்தானே போறாள்."

சும்மாவா? அந்தச் சொல்லைக் கேட்டாலே றொசாந்திக்குப் பற்றிக்கொண்டு வரும். தேத்தண்ணியை ஊற்றுவாள், ஆறவிடுவாள், மறுபடி சுடவைப்பாள். கிணற்றடிவரை போவாள், போன காரியம் மறந்து திரும்புவாள். கைபேசியில் எடுப்பதற்கு ஒரு குறும்படம் எழுதிக்கொண்டிருந்தாள். வெளிநாட்டு மாப்பிள்ளைக்கு நிச்சயமான பெண்ணொருத்தி, வரமாட்டேன் என்று தொலைபேசியில் சொல்லும் கதை. யாருடைய கதை என்று கேட்டால், முழுக்கக் கற்பனை என்று சத்தியம் பண்ணுவாள். அவளுக்கு நிச்சயமாகிக் கனடாவில் இருக்கும் ஜஸ்ரினிடம் குறை சொல்ல எதுவும் இல்லை. குறை இருந்திருந்தால் எவ்வளவு வசதி!

கடைசி வசனம்தான் சரிவரவில்லை. பெண்ணாக நடிக்க வந்த சிநேகிதி அனுஜா வாசித்துப் பார்த்தாள்.

"என்னை மன்னிச்சிடுங்க. என்னால வர முடியாது."

அடுத்த கணம் விழுந்து விழுந்து சிரித்தாள். "எடியே, உது ஆற்றை பாஷை? மானிப்பாயிலை ஆரடி உப்பிடிக் கதைக்கிறது?"

உண்மைதான். இந்தியப் படம் பார்த்துப் பார்த்து வளர்ந்த பிள்ளை. கதை எழுதப் பேனையைத் தொட்டால் பெண் மானிப்பாயில் பிறந்து சென்னையில் வாய் திறக்கிறாள். றொசாந்தி எழுதினாள், வெட்டினாள், எழுதினாள்.

ஒரு பின்னேரம் ஜஸ்ரின் அழைத்தான். அங்கே காலை, வேலைக்குப் புறப்படும் அவசரம்.

"விசா அலுவல் முடியப்போகுதாம். வந்த உடனை என்ரை சிநேகிதன்ரை கடையிலை உம்மை வேலைக்குக் கொளுவி விடுறன். உந்தப் படம் கிடமெல்லாம் இஞ்சை சரிவராது, விளங்குதே? எப்ப வாறீர் எண்டு அம்மாவும் கேட்டுக்கொண்டிருக்கிறா."

"நான் வரேல்லை."

சொன்னது தன் வாய்தானா என்று அவளுக்கே திகைப்பாக இருந்தது. அந்த நேரத்திலும் வெட்கங்கெட்ட மனம், வசனம் அகப்பட்டுவிட்டது என்று துள்ளியது.

"இந்த மாசமோ?" என்றான் அவன், பாவம்.

"இல்லை. வரேல்லை எண்டால் வரேல்லை. நான் இஞ்சைதான் இருக்கப்போறன்."

குசினிக்குள் சமைத்துக்கொண்டு நின்ற பியாட்றிஸ் எல்லாவற்றையும் கேட்டாள். கலியாணத்துக்குத் தேவாலயத்தில் பேசி வைத்த நாளைச் சொல்லிச் சொல்லி அழுதாள். பிறகு மகளோடு கதைப்பதை நிறுத்திவிட்டாள். சோற்றுக் கோப்பையை மேசையில் டக்கென்று வைப்பதோடு சரி. வேலையுமில்லை, கலியாணமுமில்லை, தாயின் வாய்ச்சொல்லும் இல்லை. பிழை விட்டுவிட்டேனோ என்ற கேள்வியோடு றொசாந்தி முன்னையைவிட வேகமாகக் கிணற்றடிக்கும் வீட்டுக்குமாக நடந்தாள்.

படப்பிடிப்பு அந்த வீட்டு விறாந்தையிலேயே நடந்தது. றொசாந்தி கைபேசியைத் தூக்கிப் பிடித்தாள். அனுஜா கண்கலங்கி, உதடு துடிக்க, இழுத்து இழுத்துச் சொன்னாள்.

"நான்... வரேல்லை..."

குசினி வாசலில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்த பியாட்றிஸுக்குப் பொறுக்கவில்லை.

"நிப்பாட்டு பிள்ளை," என்றாள். "என்ரை மகள் உப்பிடி நடுங்கிக்கொண்டு சொல்லேல்லை."